ஆறாப்புக்கு வரும் பிள்ளையிடம் என்ன கேட்கிறோம், என்ன கொடுக்கிறோம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் வந்து உட்காருவார்கள். நான் வேலை பார்ப்பது மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில். ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். ஐந்தாம் வகுப்பு அறையிலிருந்து ஆறாம் வகுப்பு அறைக்குப் போக வராண்டாவில் சில எட்டு வைத்தால் போதும். அந்தச் சில எட்டுக்குள் ஒரு பிள்ளைக்கு என்னென்ன மாறிப்போகிறது என்று பெரியவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

ஐந்தாம் வகுப்புவரை ஒரே டீச்சர். வருகைப் பதிவு எடுப்பதிலிருந்து சாயங்காலம் பெல் அடிக்கிறவரை அவர்தான். எது சாப்பிடாமல் வந்திருக்கிறது, எது வழியில் அழுதுகொண்டே வந்தது, எதற்கு வகுத்தல் வரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். "தமிழ் நோட்டை எடுங்க" என்றால் எடுப்பார்கள், "மூடி வைங்க" என்றால் மூடுவார்கள். ஆறாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடவேளைக்கு ஒரு முகம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். ஒருவர் ஒரு பக்கம் மார்ஜின் போடச் சொல்வார், இன்னொருவருக்கு இரண்டு பக்கமும் வேண்டும். ஒருவருக்குத் தலைப்பு கறுப்பு மையில் இருக்க வேண்டும், அடுத்தவருக்குக் கறுப்பு மையே ஆகாது. கட்டுரை நோட்டு தனி, டெஸ்ட் நோட்டு தனி, ரஃப் நோட்டு தனி. அரசு தருகிற ஜியோமெட்ரி பாக்ஸும் அட்லஸும் அந்த வருஷம்தான் கைக்கு வருகின்றன. போன ஏப்ரல்வரை ஒரு டீச்சரின் கைக்குள் இருந்த பிள்ளை இது.

இன்னொரு மாற்றமும் உண்டு. வெளியில் இருக்கிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே நம் மதுரையில்தான், 2022 செப்டம்பர் 15 அன்று, கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். நல்ல திட்டம். அது வந்த பிறகு சின்னப் பிள்ளைகளின் முகத்தில் காலையிலேயே ஒரு தெளிவு இருக்கிறது. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரைக்குமான திட்டமாகத்தான் அது தொடங்கியது. அதனால் ஆறாம் வகுப்புக்கு வந்த அக்கா, நான்காம் வகுப்பில் படிக்கிற தம்பியை உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பாடவேளையில் அந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று சொன்னால் அது நியாயமா? ஆறு முதல் எட்டு வரைக்கும் அந்தச் சாப்பாடு கண்டிப்பாக வேண்டும் என்பது என் கருத்து. வளர்கிற வயசு, அதிலும் பெண் பிள்ளைகள் வயசுக்கு வருகிற காலம்.

இவ்வளவும் ஒரே மாதத்தில் நடக்கிறது. நாம் அந்தப் பிள்ளையிடம் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்: "பெரிய பிள்ளை ஆயிட்டே, இனிமே பொறுப்பா இருக்கணும்." எப்படி என்று யாரும் சொல்வதில்லை. பொறுப்பை எதிர்பார்க்கிறோம், அதற்கான செய்முறையைக் கொடுப்பதில்லை, அந்தப் பிள்ளைக்கு உரியது என்னென்ன என்பதையும் சொல்வதில்லை. இந்த மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

முதலில் பை.

எங்கள் ஆறாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பையைக் கொட்டுவோம். வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்க வேண்டும். ஒரு பையன். வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று மூன்று ஆசிரியர்களிடம் பேச்சு வாங்கியவன். அவன் பையிலிருந்து விழுந்தவை: முதல் பருவத்துப் புத்தகங்கள் அத்தனையும் (நாங்கள் இருந்தது இரண்டாம் பருவம்), சமூக அறிவியலுக்கு இரண்டு நோட்டு, இரண்டிலும் பாதிப் பாதி, முள் உடைந்த கவராயம், ஒரு கை புளியங்கொட்டை, பெற்றோர் கையெழுத்துக்கு அனுப்பிய சுற்றறிக்கை எட்டாக மடித்தபடி, ஈரத் துண்டு. தமிழ் நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், நான் கொடுத்த அறிவியல் வீட்டுப்பாடம் அங்கே இருக்கிறது. தாவர செல், விலங்கு செல், படம் வரைந்து பாகம் குறித்து, ஒன்று விடாமல். முந்தின வாரத்துக் கணக்கும் அதற்கு முன்னால் இருக்கிறது.

"ஏன்டா, இதைக் காட்டியிருக்கலாம்ல?"

"அறிவியல் நோட்டு கிடைக்கல டீச்சர். வேற நோட்டுல எழுதுனா வைவீங்கன்னு..."

வேலையைச் செய்த பிள்ளை, செய்யாதவன் என்று பெயர் வாங்கியிருக்கிறான். அவனுக்குச் சோம்பலும் இல்லை, அறிவுக் குறையும் இல்லை. எதை எங்கே வைப்பது என்பதை யாரும் அவனுக்குக் கையைப் பிடித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அவனும் நானும் பழைய நாட்காட்டித் தாளில் நோட்டுகளுக்கு அட்டை போட்டோம். அட்டையில் ஒட்டுகிற லேபிளைவிட, நோட்டின் முதுகில் கலர் பேப்பர் ஒட்டுவது உபயோகமாக இருக்கிறது. பைக்குள் கையை விடும்போது தெரிவது முதுகுதான். அறிவியலுக்குப் பச்சை, கணக்குக்குச் சிவப்பு என்று வகுப்பு முழுக்க ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் "பச்சையை எடுங்க" என்றதும் வகுப்பே எடுத்துவிடுகிறது.

அப்புறம் எடை. 2020-ல் வந்த தேசியப் பள்ளிப் பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டிலேயே முப்பருவ முறையைக் கொண்டுவந்து புத்தகங்களைப் பருவம் பருவமாகப் பிரித்ததற்கு முக்கியமான காரணம் சுமையைக் குறைப்பதுதான். ஆனால் பருவம் முடிந்ததும் பழைய புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வா என்று ஒருவர் சொன்னால்தானே அது நடக்கும்? வீட்டில் வைக்க ஓர் இடமும் வேண்டும்.

அந்த இடம் பற்றிச் சொல்ல வேண்டும். "படிப்பதற்குத் தனி மேசை, தனி அலமாரி" என்று எழுதுகிறவர்கள் எங்கள் ஊர் வீடுகளைப் பார்த்ததில்லை. ஒரே அறை, அதில் ஐந்து பேர், மூலையில் ரேஷன் அரிசி மூட்டை. மேசைக்கு எங்கே போவது? எல்லா வீட்டிலும் இருப்பது மஞ்சப்பை. கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தவை நாலைந்தாவது கிடக்கும். ஒரு மஞ்சப்பையில் முடிந்த பருவத்துப் புத்தகங்கள், இன்னொன்றில் இன்றைக்குத் தேவைப்படாத நோட்டுகள். சுவரில் ஆணி அடித்து, சின்னத் தம்பி தங்கைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டால் சரி. அந்த ஆணி அந்தப் பிள்ளையுடையது, அதில் வேறு எதையும் மாட்டக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வேன். சில அப்பாக்கள் சிரிப்பார்கள். ஆனால் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பையை ராத்திரியே அடுக்கிவிட வேண்டும். காலையில் அடுக்குகிற பிள்ளை எதையாவது விட்டுவிட்டு வரும், அல்லது விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அத்தனையையும் சுமந்துவரும். டைம்டேபிளை நோட்டில் எழுதி வைத்தால் போதாது. ஒரு தாளில் எழுதி அந்த ஆணிக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிடலாம். சாப்பிட்டு முடித்ததும் நாளைய வரிசையைப் பார்த்து அடுக்கினால் ஐந்து நிமிஷ வேலை. முதல் இரண்டு மூன்று வாரம் அம்மாவோ அப்பத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அவர்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. "நாளைக்கு என்னென்ன பாடம், சொல்லு" என்று கேட்டால் பிள்ளை சொல்லிக்கொண்டே அடுக்கிவிடும்.

வீட்டுப்பாட விஷயத்தில் பாதிப் பொறுப்பு ஆசிரியருடையது. பெல் அடிக்கும்போது "நாளைக்கு ஆறாவது பயிற்சியில 3, 4, 7 போட்டுட்டு வாங்க" என்று கதவோரத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனால், முன் பெஞ்சுக்கு மட்டும்தான் கேட்கும். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே பாடத்தை நிறுத்தி, எழுத வைத்து, எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் பள்ளியில் கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ஆசிரியரும் தான் கொடுத்த வேலையையும், அதற்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்பதையும் அதில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை யாரும் அழிக்கக் கூடாது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், வாரத்துக்கு 5 முதல் 6 மணி நேரம் என்று அதே பள்ளிப் பை கொள்கை சொல்கிறது. ஐந்து பேர் ஆளுக்கு அரை மணி நேர வேலை கொடுத்தால் இரண்டரை மணி நேரம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, மற்றவர் கொடுத்தது இவருக்குத் தெரியாது. கட்டத்தில் ஏற்கெனவே 50 நிமிஷம் ஏறியிருந்தால் கடைசிப் பாடவேளைக்கு வருகிறவர் தன் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைக்கிறார்.

மூளை வளர்ச்சி பற்றித் தெரிந்தவர்கள் சொல்வதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். திட்டமிடுவது, நினைவில் வைத்து முடிப்பது, ஆசையை அடக்கித் தள்ளிப்போடுவது ஆகிய வேலைகளைப் பார்க்கிற மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருஷங்கள் ஆகும். பதினொரு வயதில் அது இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. "சொன்னா மண்டையில ஏறுதா பாரு" என்று கோபப்படுவதில் அர்த்தமே இல்லை. மண்டையில் ஏறாததைத் தாளில் எழுதிக்கொள்ளப் பழக்க வேண்டும். தூக்கமும் இதோடு சேர்ந்ததுதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேல் 8 முதல் 10 மணி நேரமும் பிள்ளைகள் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

தூக்கம் என்றதும் எனக்கு மல்லிகைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். வலையங்குளம், எலியார்பத்தி பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி விளைகிற மண். மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சீசனில் வீட்டில் இருக்கிற எல்லாரும் தோட்டத்தில்தான் நிற்பார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, விடியற்காலை நாலரைக்கு எழுந்து பறிக்கப் போய்விட்டு, எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, ஓடிவரும். விரல் நுனியெல்லாம் கறை படிந்து கறுத்திருக்கும். அவள் அம்மாவிடம் பேசினேன்.

"பூ இருக்கப்ப பறிச்சாத்தான டீச்சர். கூலிக்கு ஆள் விட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"நான் பறிக்க வேணாம்னு சொல்ல வரலம்மா. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குறா?"

"பத்தாயிரும். எழுதிக்கிட்டே இருக்கும்."

2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்கிறது. பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆபத்தில்லாத குடும்ப வேலையில் கை கொடுப்பதற்கு இடம் விட்டிருக்கிறது, அதுவும் படிப்பைக் கெடுக்காத அளவுக்கு. அந்த அளவு எது என்பதை வீட்டோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். நாங்கள் பேசி முடிவு செய்தது இது: சீசன் முடிகிறவரை அவளுடைய வீட்டுப்பாடம் பள்ளியிலேயே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கடைசிப் பாடவேளையிலும். வீட்டில் எட்டு மணிக்குப் பை அடுக்கி ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கை. பள்ளி நாட்களில் வாரத்துக்கு இரண்டு நாள் அவள் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுவது நின்றது. சரியாக நேரம் ஒதுக்கத் தெரியாத பிள்ளை என்று முன்பு அவளைப் பற்றிச் சொன்னவர்கள், அவளுடைய நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்டிருக்கவே இல்லை.

இனி உரிமை. இந்த வார்த்தையைக் கேட்டாலே சிலருக்கு முகம் சுருங்குகிறது. "உரிமையெல்லாம் சொல்லிக் கொடுத்தா நம்ம பேச்சை எவன் கேப்பான்?" என்பார்கள். பெற்றோர் தரப்பில் இதற்கு நேர் எதிரான ஓர் ஒப்படைப்பு நடக்கும். அப்பா பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க டீச்சர்" என்பார். அன்பினால்தான் சொல்கிறார், நம்பி விட்டுப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்குக் காது கேட்கும்படியே பதில் சொல்வேன்: "அண்ணே, உரிக்க மாட்டோம். சட்டத்துல இடமில்ல, எனக்கும் மனசில்ல. ராத்திரி நீங்க பக்கத்துல உக்காருங்க, பகல்ல நான் பாத்துக்கிறேன்."

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலில் அடிப்பதையும் மனதில் அடிப்பதையும் ஒரே வரியில் தடை செய்கிறது. இரண்டாவதைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். "மக்கு" என்று கூப்பிடுவதும், அப்பாவின் தொழிலைச் சொல்லித் திட்டுவதும், மார்க் குறைந்தவர்களைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைப்பதும் அதில் வரும். ஃபீஸ் கட்டவில்லை என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கட்ட வேண்டியது பெரியவர்கள், வெளியே நிற்பது பிள்ளை. இதை நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பிள்ளைகளுக்கு இந்த உரிமைகளைப் பாடமாக எடுத்தால் தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அன்றாடம் உதவுகிற மாதிரி சொல்ல வேண்டும். பாத்ரூம் போகக் கேட்டால் போகலாம், எந்த ஆசிரியரும் மறுக்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் காரணம் சொல்லாமல் கையை மட்டும் காட்டிவிட்டுப் போகலாம் என்று எங்கள் வகுப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. ஆண் ஆசிரியர்களுக்கும் அது தெரியும். புதுயுகம் திட்டத்தில் வரும் நாப்கின் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பது ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு முதல் வாரமே தெரிய வேண்டும். திருத்திய பேப்பரை வாங்கிப் பார்க்கலாம், மார்க் கூட்டல் தப்பாக இருந்தால் எழுந்து நின்று கேட்கலாம். புரியவில்லை என்று இரண்டாம் முறையும் சொல்லலாம். ஊர் மாறிப் போகும்போது மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கடைசியில் சொன்னது, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்வருகிற பிள்ளைகளுக்கு மிகவும் முக்கியம்.

யாராவது தப்பாகத் தொட்டாலோ, மிரட்டினாலோ, சாதியைச் சொல்லி ஒதுக்கினாலோ எங்கே போவது? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் எங்கள் பிள்ளைகள் ரஃப் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. ஆனால் பெட்டி தலைமை ஆசிரியர் அறை வாசலில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் எந்தப் பிள்ளை போய்ச் சீட்டுப் போடும்? நாங்கள் அதைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கமாக நகர்த்தினோம். அங்கே எல்லாரும் போவார்கள், யார் எதற்குப் போனார்கள் என்று தெரியாது. அதற்குப் பிறகுதான் சீட்டுகள் வரத் தொடங்கின. பெரும்பாலும் சின்ன விஷயங்கள், "குழாயில் தண்ணி வரல", "அவன் பட்டப்பேர் வைக்கிறான்". சின்னதற்குப் பதில் கிடைக்கிறது என்று தெரிந்தால்தான் பெரியதை எழுதத் தைரியம் வரும். பாலியல் தொல்லை பற்றித் தெரிய வந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிக்கொள்ளலாம் என்பதற்கெல்லாம் அங்கே இடமே கிடையாது.

உரிமையைச் சொன்னால் பிள்ளைகள் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்ற பயத்துக்கு நான் பார்த்த பதில் ஒன்று உண்டு. வருஷத் தொடக்கத்தில் வகுப்பு விதிகளை நாங்களே எழுதிக் கொடுப்பதில்லை. "உங்களுக்கு இங்க என்ன வேணும்?" என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதுவோம். ஜன்னலோர இடம் மாறி மாறி வேண்டும், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுக்கக் கூடாது, பதில் தப்பானால் யாரும் சிரிக்கக் கூடாது. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பக்கத்தில் "அது கிடைக்கணும்னா நாம என்ன செய்யணும்?" என்று எழுத வைப்போம். சிரிக்கக் கூடாது என்று கேட்டவனே, தானும் சிரிக்கக் கூடாது என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். விளையாட்டுப் பாடவேளை வேண்டும் என்றால் பெல் அடித்ததும் திரும்பி வர வேண்டும். தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. ஐ.நா.வரை போக வேண்டாம், கரும்பலகை போதும். தாங்கள் எழுதிய விதியைப் பிள்ளைகள் மீறுவது குறைவு. மீறினாலும் "நீதானே எழுதின" என்று சக பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

பெற்றோருக்குப் ப்ராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பு மதிப்பீட்டில் 40 மார்க் வளரறி மதிப்பீட்டுக்கு, செயல்பாடு எல்லாம் அதில்தான் வரும். 60 மார்க் பருவத் தேர்வுக்கு. அந்த 40-க்காக, முதல் நாள் ராத்திரி சார்ட்டும் ஸ்கெட்ச்சும் வாங்கி, அக்கா படம் வரைந்து, அம்மா பார்டர் போட்டு, காலையில் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது கோணல்மாணலாகப் பிள்ளை ஒட்டிய இலைதான். பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதைக் கற்றுக்கொள்ள ப்ராஜெக்ட்டைவிட நல்ல வாய்ப்பு கிடையாது: திங்கள் இலை சேகரிப்பது, செவ்வாய் நோட்டுக்குள் வைத்துக் காயவைப்பது, வியாழன் ஒட்டுவது, வெள்ளி பெயர் எழுதுவது. டவுனில் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போகலாம். 2023 ஜூலையில் திறந்தது, குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே பிள்ளையே புத்தகம் தேடட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

எட்டாம் வகுப்பில் இந்தப் பழக்கத்தின் பலன் பணமாகவே தெரியும். என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. மனத் திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இதில் தவறுவது பல நேரம் கேள்வித்தாளில் இல்லை. வருமானச் சான்றிதழ் கையில் இல்லை, சாதிச் சான்றிதழ் அம்மாச்சி வீட்டில், ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி, வங்கிக் கணக்குப் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கிறது. தேர்வானபிறகும் இதனாலேயே பணம் வந்து சேர மாதக்கணக்கில் இழுக்கும்.

அதனால் ஏழாம் வகுப்பு முடிகிற ஏப்ரலில், சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே கிளம்புவதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ப்ளாஸ்டிக் ஃபைல் வாங்க வைக்கிறோம். அதில் ஆதார், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றின் ஜெராக்ஸ். எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பிள்ளையே பென்சிலால் டிக் போட்டுச் சரிபார்க்க வேண்டும், நான் பார்க்க மாட்டேன். ஓர் எழுத்து மாறியிருந்தால் விடுமுறையில் திருத்த நேரம் இருக்கிறது. போன வருஷம் ஒரு பையன் தன் ஆதாரில் பிறந்த வருஷம் தப்பாக இருப்பதைத் தானே கண்டுபிடித்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய், திருத்தக் கொடுத்த ரசீதை அதே ஃபைலில் வைத்துக்கொண்டு வந்து காட்டினான். வெள்ளிக்கிழமை வராண்டாவில் புளியங்கொட்டை கொட்டியவனுக்கு இந்த ஜூனில் ஏழாம் வகுப்பு. அவனுக்கும் ஃபைல் வாங்கும் முறை வருகிறது.